கேமரா பிறகு வாங்கலாம், முதலில் பட்டியல் போடுங்கள்

ஒரு அபார்ட்மெண்ட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று திருடு போகிறது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். அதில் என்ன முடிவு எடுப்பார்கள் என்பதைக் கூட்டத்திற்குப் போகாமலேயே சொல்லிவிடலாம். "சிசிடிவி கேமரா வாங்குவோம்." ஏற்கனவே கேமரா இருந்தால், "இன்னும் நான்கு கேமரா வாங்குவோம்." வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலாகும். கேமரா வரும். ஒரு மாதத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 2017க்குப் பிறகு "மூன்றாவது கண்" என்ற பெயரில் காவல் துறை தெருவுக்குத் தெரு கேமரா பொருத்த வைத்தது. திருடர்களைப் பிடிக்க அந்தப் பதிவுகள் உதவியிருக்கின்றன. ஆனால் வண்டி போன பிறகு திருடனைப் பிடிப்பது வேறு. வண்டி போகாமல் தடுப்பது வேறு. தடுப்பதற்குக் கேமராவை விட மலிவான கருவி ஒன்று உங்கள் வீட்டு மேஜையிலேயே இருக்கிறது. பாட்டுக் கேட்கவும், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடவும் பயன்படும் அந்தப் புதுக் கம்ப்யூட்டர்தான். அதில் எக்ஸெல் திறந்து, குடியிருப்பில் உள்ள அத்தனை வண்டிகளுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

பட்டியல் எப்படித் திருட்டைத் தடுக்கும் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருடன் உள்ளே வருவதற்குச் சுவர் ஏறிக் குதிக்கலாம். கொரியர் கொடுப்பவர் போல வரலாம். ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சுவர் மேல் தூக்கிக்கொண்டு போக முடியாது. கேட் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அவசரம் காட்டாமல், அந்த வீட்டுக்காரர் போலவே ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறார். திருட்டு முடிந்தது.

வாட்ச்மேன் மீது தவறா? எண்பது வீடு உள்ள இடத்தில் நூற்றைம்பது வண்டியாவது இருக்கும். ஏஜென்சி மூலம் வருகிற காவலாளி என்றால் இரண்டு மூன்று மாதத்தில் மாறிவிடுவார். எந்த வண்டி யாருடையது என்று அவருக்கு நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? சொல்லாததை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? வண்டி போனால் மட்டும் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழுகிறது.

போவது வெறும் வண்டியும் அல்ல. இரவு டூட்டிக்குப் போகும் நர்ஸ், உணவு டெலிவரி செய்யும் இளைஞர், மார்க்கெட்டிங் வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு வண்டி இல்லை என்றால் மறுநாள் வேலை இல்லை. வண்டி போன பிறகும் அதன் மாதத் தவணை பாங்கில் கழிந்துகொண்டே இருக்கும்.

பட்டியலில் என்ன இருக்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். ஸ்டிக்கர் எண், வண்டி எண், கம்பெனி மற்றும் மாடல், நிறம், வீட்டு எண், உரிமையாளர் பெயர், மொபைல் எண், அவசரத்துக்கு இன்னொரு மொபைல் எண். இத்துடன் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகள். முழு சேசிஸ் எண் என்பது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. அதை ஆர்.சி.யில் பார்த்து ஒவ்வொருவரும் தனியே எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

புதிதாக எக்ஸெல் பயன்படுத்துபவர்கள் இதில் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். முதலாவது சேசிஸ் எண். கடைசி ஐந்தில் 00457 என்று இருந்தால், எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கி 457 என்று காட்டும். எனவே டைப் செய்யும் முன்பே அந்த நெட்டு வரிசை முழுவதையும் செலக்ட் செய்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் எண் வரிசைக்கும் இதையே செய்துவிடுங்கள். இரண்டாவது வண்டி எண். ஒருவர் இடைவெளி விட்டு அடிப்பார். இன்னொருவர் நடுவில் கோடு போடுவார். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. நாளை அவசரமாகத் தேடும்போது "இல்லை" என்று சொல்லிவிடும். இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் ஒரே சீராக டைப் செய்யுங்கள்.

அடுத்து, வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்துக்குத் தனியாக ஒரு வரிசை வையுங்கள். வாட்ச்மேன் கண்ணில் படுவதும், அவர் மனதில் நிற்பதும் அந்த நான்கு இலக்கம்தான். இதை மீண்டும் டைப் செய்ய வேண்டியதில்லை. ரைட் என்ற பார்முலாவில் வண்டி எண் உள்ள செல்லையும், 4 என்ற எண்ணையும் கொடுத்தால் கடைசி நான்கையும் எக்ஸெல் பிரித்துத் தந்துவிடும். முதல் செல்லில் போட்டுவிட்டு மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்றவையும் நிரம்பிவிடும். அந்த வரிசைப்படி சார்ட் செய்து, கடைசி நான்கு இலக்கம், வண்டி மாடல், நிறம், ஸ்டிக்கர் எண் ஆகியவற்றை மட்டும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வாட்ச்மேன் அறையில் வையுங்கள். சில பக்கங்களில் அடங்கிவிடும். பெயரும் மொபைல் எண்ணும் அந்தத் தாளில் வேண்டாம். சந்தேகம் வந்தால் அவர் செயலாளருக்குப் போன் செய்து ஸ்டிக்கர் எண்ணைச் சொல்லட்டும்.

ஸ்டிக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. பல குடியிருப்புகளில் ஸ்டிக்கரில் அபார்ட்மெண்ட் பெயர், பிளாக், வீட்டு எண் எல்லாவற்றையும் அழகாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். தியேட்டர் வாசலில் அந்த வண்டியைப் பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல தகவல் என்ன வேண்டும்? எந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை என்று நாமே எழுதி ஒட்டிவிடுகிறோம். ஸ்டிக்கரில் ஓர் எண் மட்டும் போதும். அது யாருடையது என்பது உங்கள் பைலில் மட்டும் இருக்கட்டும்.

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வெளியே போகும் வண்டியை மட்டும் நிறுத்தி, பட்டியலைப் பார்த்து, நோட்டில் நேரம் எழுதிய பிறகே கேட்டைத் திறக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பகல் முழுக்க இதைச் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். அலுவலக நேரத்தில் கேட்டில் வரிசை நின்றால் சண்டைதான் வரும். இரவில் போகும் வண்டிகள் சில. அவற்றைக் கேட்பது வாட்ச்மேனுக்கும் சுலபம். இந்த விதியைச் செயலாளரே கையெழுத்திட்டு கேட்டில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் "என்னையே கேட்கிறாயா?" என்று அதட்டும் முதல் வீட்டுக்காரரோடு அந்த விதி முடிந்துவிடும்.

பட்டியல் போடும்போதே இன்னொரு பலனும் கிடைக்கும். யாருடையது என்றே தெரியாத வண்டி ஒன்றிரண்டு ஓரமாக நிற்பது தெரியவரும். வாடகைக்கு இருந்து காலி செய்தவர் விட்டுப் போனதாக இருக்கலாம். வேறெங்கோ திருடிக் கொண்டுவந்து நிறுத்தியதாகவும் இருக்கலாம். மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைக் கொடுத்தால் மாடல், பதிவு தேதி போன்ற விவரங்கள் வரும். நம்பர் பிளேட்டில் ஒரு மாடல், எதிரில் நிற்பது வேறு மாடல் என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். நாமே அதை நகர்த்தி வைப்பது, பூட்டை உடைப்பது எல்லாம் வேண்டாத வேலை.

தனித்தனி வீடுகள் உள்ள தெருக்களுக்கு இந்த முறை இந்த அளவு பொருந்தாது. அங்கே கேட் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. அங்கே வண்டியைக் காம்பவுண்டுக்குள் ஏற்றி, சக்கரத்தில் செயின் போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டுவதுதான் முதல் வழி. ஹேண்டில் லாக் மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம். பலமாக ஒரு உதை விட்டால் உடையும் ஹேண்டில் லாக்குகள் உண்டு.

வாங்கிய கேமராவாவது வேலை செய்கிறதா?

கேமரா ஏற்கனவே இருக்கிறது என்பவர்கள் இன்று மாலையே போய்ப் பார்க்க வேண்டியவை சில. கேமராவைப் பொருத்தியவர் போன பிறகு அந்த டிவிஆர் பெட்டியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, பாஸ்வேர்ட் இருக்கிறது.

முதலில் ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் வினாடிக்கு கால் மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக ஒரு கேமராவுக்கு ஒரு நாளில் 21.6 ஜிபி. எட்டு கேமரா என்றால் சுமார் 173 ஜிபி. பெட்டியில் ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தால் ஆறு நாள் கூட முழுதாகத் தாங்காது. அதன் பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போய்வந்து வண்டியைக் காணோம் என்று தேடினால், போன அன்றைய பதிவு இருக்காது. எச் 265 என்ற முறையில் பதிவு செய்யும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் ஏறக்குறைய பாதி இடம் மிச்சமாகும். அல்லது அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி செட் செய்யலாம். இன்னும் நான்கு கேமரா வாங்குவதற்கு முன் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். நான்கு கேமராவைக் கூட்டினால் இருக்கும் நாட்களும் குறைந்துவிடும் என்பதைக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை.

அடுத்து கடிகாரம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். டிவிஆர் பெட்டிகளில் பெரும்பாலானவை சீனத் தயாரிப்பு. சிலவற்றில் நேர மண்டலம் சீன நேரத்திலேயே இருக்கும். அது நம் நேரத்தை விட இரண்டரை மணி முன்னால் ஓடுவது. வண்டி திருடு போனது அதிகாலை 3.50 மணிக்கு. பதிவில் 6.20 என்று இருக்கும். ஆறு மணிக்கு டூட்டி மாறுகிறது என்றால், சம்பவம் நடந்தபோது அங்கே இல்லாத பகல் வாட்ச்மேன் குற்றவாளி ஆகிவிடுகிறார். நாலரை மணிக்கு வரும் பால்காரர் பதிவில் ஏழு மணிக்கு வருகிறாரே என்று யாராவது கவனிக்கும் வரை அந்த மனிதர் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதுதான். ஒரு செட்டிங் தவறாக இருந்ததற்கு ஒரு ஏழைக் குடும்பம் கொடுக்கும் விலை இது. டிவிஆர் மெனுவில் டைம் ஸோன் பகுதிக்குப் போய் ஜிஎம்டி கூட்டல் 5.30 என்று மாற்றுங்கள். பெட்டி இன்டர்நெட்டில் இணைந்திருந்தால் என்டிபி என்ற வசதியை ஆன் செய்யுங்கள். நேரத்தை அதுவே சரி செய்துகொள்ளும். இணைப்பு இல்லை என்றால் மாதம் ஒருமுறை மொபைல் போன் நேரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸ்வேர்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ல் மிராய் என்ற கெடுதல் புரோகிராம், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உட்படப் பல வெப்சைட்களைப் பல மணி நேரம் திறக்க முடியாமல் செய்தது. உங்கள் கேமராவின் பாஸ்வேர்டு இன்னும் அட்மின் 12345 என்றே இருந்தால், எந்த வண்டி எப்போது போகிறது என்பதை நீங்கள் மட்டும் பார்க்கவில்லை என்று பொருள்.

கேமரா வைத்த இடமும் முக்கியம். உயரத்தில், மொத்தக் கார் பார்க்கிங்கும் தெரிகிற மாதிரி வைத்தால் ஹெல்மெட்டின் உச்சிதான் பதிவாகும். கேட்டில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வெளியே போகும் வண்டியை நேராகப் பார்க்கும் ஒரே ஒரு கேமரா மற்ற ஏழுக்கும் சமம். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும் தன்மை கொண்டது. இரவில் கேமராவின் இன்ப்ரா ரெட் வெளிச்சம் பட்டால் பதிவில் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரியலாம். கேட்டில் ஒரு எல்ஈடி விளக்கு போட்டு இரவில் சோதித்துப் பாருங்கள். பகலில் பார்த்து "நன்றாகத் தெரிகிறது" என்று கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சாவி எங்கே தொங்குகிறது?

இடப் பற்றாக்குறையால் ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்தும் குடியிருப்புகளில், எடுத்து நகர்த்துவதற்கு வசதியாகச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்கிறார்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஒவ்வொரு ஆணியின் கீழும் வீட்டு எண். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கேமரா அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! பூட்டுப் போட்ட ஒரு சிறு அலமாரியும், சாவி எடுத்தவர் பெயர் எழுத ஒரு நோட்டும் போதும். சாவிக்கு வீட்டு எண்ணுக்குப் பதில் ஸ்டிக்கர் எண் போடுங்கள்.

சாவியைத் துளையில் விடாமலே ஸ்டார்ட் ஆகும் கார் வைத்திருப்பவர்கள், அது எப்போதும் ஒரு சிக்னலை எதிர்பார்க்கும் ரேடியோ கருவி என்பதை நினைவில் வையுங்கள். வீட்டு வாசலில் ஒருவர், கார் அருகில் இன்னொருவர் ஆளுக்கொரு கருவியுடன் நின்று, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை கார் வரை கடத்தித் திறந்துவிடும் முறை உலகம் முழுவதும் தெரிந்த ஒன்று. சாவியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, டப்பாவைக் காருக்கு அருகில் கொண்டுபோய்க் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த டப்பா போதும்.

வண்டி போய்விட்டால்?

இதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு, காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்கப்படுகிறது. "ஐந்து வருடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு திருட்டுக்கு ஒரு ரூபாய் கூடத் தராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். அதைத் தனியே புதுப்பிக்க வேண்டும். உங்கள் பட்டியலில் இந்தப் பாலிசி முடியும் தேதிக்கு ஒரு வரிசை சேர்த்து, முடிவதற்கு முன் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால், அசோசியேஷன் செய்யும் பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும். இரண்டு சாவியும் பத்திரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். க்ளைம் கேட்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டையும் கேட்கும். ஆர்.சி.யை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி.யைக் காட்டினால் போதும் என்று 2018லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது.

காணோம் என்று தெரிந்தவுடன் 112க்கோ 100க்கோ போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அதற்குப் பிறகு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு முறையிலும் தரலாம். அப்படித் தந்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். திருடு போனது கார் என்றால் பாஸ்டேக் கணக்கை உடனே பிளாக் செய்துவிடாதீர்கள். திருடன் ஸ்டிக்கரைப் பிய்த்தெறியாமல் டோல்கேட்டைத் தாண்டினால், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்று உங்கள் மொபைலுக்கு எஸ்எம்எஸ் வரும்.

கேமரா பதிவை அன்றே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். டிவி திரையை மொபைல் போனில் வீடியோ எடுத்து அனுப்புவது குரூப்பில் பார்க்க உதவும், வழக்குக்கு உதவாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63வது பிரிவுப்படி, இத்தகைய பதிவை நீதிமன்றத்தில் தரும்போது சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் பைலின் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. ஹாஷ் என்பது ஒரு பைலின் கைரேகை போன்றது. பைலில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் அது மாறிவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் 7 ஜிப் புரோகிராம் இருந்தால், பைல் மீது ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ 256 என்பதைத் தேர்ந்தெடுத்து இந்த மதிப்பைப் பெறலாம். பதிவை எடுத்த அன்றே அதை எழுதி வைத்தால் பின்னர் யாரும் வெட்டி ஒட்டியதாகச் சொல்ல முடியாது.

பட்டியல் பைலுக்கு வருவோம். அதில் எல்லோருடைய மொபைல் எண்ணும் இருப்பதால் பூட்டி வைக்க வேண்டும். எக்ஸெலில் பைல் மெனு சென்று, இன்போ பகுதியில் ப்ரொடெக்ட் ஒர்க்புக் பட்டனைக் கிளிக் செய்தால், பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் செய்யும் வசதி கிடைக்கும். பாஸ்வேர்டை மறந்தால் பைல் போனது போனதுதான் என்பதால், அதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிப் பொருளாளரிடம் கொடுங்கள். பைலின் காப்பி ஒன்றும் பென் டிரைவில் அவரிடம் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது வங்கிப் பாஸ்புக்குடனும் அசோசியேஷன் முத்திரையுடனும் இந்தப் பைலையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.